ஆறாவது காரணம்

வீவக அலுவலகத்தில் அந்தப் பையன்
திரையைப் பார்த்தபடியே கேட்டான்:
"விவாகரத்துப் பத்திரம் எங்கே, ஆன்ட்டி?"
ஈரறை வீட்டுக்கு மனுப் போட வந்தவள் நான்.
ஒற்றை ஆள் என்று
என்னைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றேன்.
சிரிக்கவில்லை.
முத்திரை வைத்த நகல் வேண்டுமாம்.

பதினெட்டு வருஷத்தில் நாலு வீடு மாறிவிட்டேன்.
அரிசி டின், தையல் மெஷின்,
என்றோ கட்டி முடித்த தண்ணீர் பில் எல்லாம்
கூடவே வந்தன.
அந்தக் காகிதம் மட்டும்
எந்த லாரியிலிருந்தோ இறங்கிப் போயிருக்கிறது.

அரைநாள் லீவு.
சைனாடவுனில் இறங்கி, வெயிலில் நடந்து,
குடும்ப நீதிமன்றம்.
முகப்பில் ஹஸ்லிண்டா என்று பெயரட்டை.
வழக்கு எண் கேட்டாள்.

எனக்கு ஞாபகமிருந்த எண்கள் வேறு.
இரவு வேலை முடிந்து அவன் வரும் பஸ்,
அவன் திறக்கும் கதவு,
வாராவாரம் விடாமல் வாங்கிய
மூன்று ஏழு சைபர் எட்டு.
நாங்கள் பிரிந்த மறுமாதம்
அதற்கு ஆறுதல் பரிசு விழுந்தது.

"சரி, பெயர் சொல்லுங்கள்."
சந்திரகாசன்.
"எஸ்ஸா, சி எச்சா?"
கல்யாணப் பத்திரிகையில் எஸ்.
அடையாள அட்டையில் சி எச்.
கப்பல் பட்டறை பாஸில் நடுவே
எங்கிருந்தோ ஒரு டி எச் ஏறியிருந்தது.
பதினெட்டு வருஷம் உரக்கச் சொல்லாத பெயரை
கண்ணாடித் தடுப்பின் ஓட்டைக்குள்
எழுத்தெழுத்தாக நறுக்கிப் போட்டேன்.
பின்வரிசையில் ஒரு குழந்தை
சி, எச், ஏ என்று கூடவே சொல்லிப் பழகியது.

மூன்றாவது தேடலில் அகப்பட்டான்.

"பழைய கோப்பு, சில வாரம் ஆகும்" என்றவள்
நிறுத்தினாள்.
"இல்லை, ஸ்கேன் ஆகியிருக்கிறது.
முப்பத்திரண்டு பக்கமும்.
மார்ச்சில் யாரோ கேட்டிருக்கிறார்கள்."
யார் என்றேன்.
சொல்லக்கூடாது என்று தலையாட்டினாள்.
சொல்ல வேண்டாம்.
எங்கள் இரண்டு பேரைத் தவிர
யாருக்கு வேண்டும் அது?

"தீர்ப்பு மட்டுமா, முழுசுமா?"

அந்த முப்பத்திரண்டில்
நியாயமற்ற நடத்தை என்ற தலைப்பின்கீழ்
எட்டுக் காரணங்கள் இருக்கின்றன.
எட்டு இருந்தால் நல்லது என்றார் வக்கீல்.
என்னிடம் இருந்தது ஐந்து.
ஐந்தும் நிஜம், ஐந்தும் சின்னது:
பேசாமல் சாப்பிட்டது,
சொல்லாமல் கடன் வாங்கியது,
இப்படி.
மீதி மூன்றை
அப்பர் கிராஸ் ஸ்திரீட் காப்பிக்கடையில் உட்கார்ந்து
தே ஓ ஆறுவதற்குள் செய்து முடித்தேன்.

ஆறாவதில்,
என் அப்பா இறந்த இரவு
அவன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்றிருக்கும்.

வந்தான்.
அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தான்,
ஒரு கால் அவனுடையது,
ஒரு கால் என்னுடையது.

எதிர்த்து வாதாடவில்லை.
படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பான்,
எதையும் அப்படித்தானே செய்வான் என்று
இத்தனை நாள் வசதியாக நம்பியிருந்தேன்.
மார்ச்சில் படித்திருப்பான்.
இப்போது கண்ணாடி போட்டிருப்பான்,
அதைத் துடைத்துவிட்டு
நிதானமாக.

"தீர்ப்பு மட்டும்" என்றேன்.
நெட்ஸில் பணம் கட்டினேன்.
ஒரே பக்கம்.
முத்திரை நேராக விழுந்திருந்தது.
அவன் பெயர் சரியாக, சி எச்சில்.
என் பெயரில்தான் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

வாசல்வரை போனேன்.
குடையை விரித்தேன், மடக்கினேன்.
திரும்பி வந்து
இன்னொரு வரிசை எண் எடுத்தேன்.
முப்பத்தாறு பேருக்குப் பிறகு
மறுபடியும் ஹஸ்லிண்டா.

"இதில் ஒரு பிழை இருக்கிறது.
திருத்த எங்கே போக வேண்டும்?"

காகிதத்தைப் பார்த்தாள்,
என் அடையாள அட்டையைப் பார்த்தாள்.
"ஐயோ ஆமாம், ஆன்ட்டி,
உங்கள் பெயர்" என்று
ஒரு படிவம் தந்தாள்.

பேனா வாங்கிக்கொண்டு
அதையே
நிரப்பத் தொடங்கினேன்.