முக்காலி

என் வேலை முக்காலியில் உட்கார்ந்திருப்பது.
பின்கட்டுத் தகரக் கொட்டகையில், சுவரோரம்,
கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான்.
வேறெதையும் தொடக் கூடாது.

ஒதீலியா பகலில் நண்டு ஆலையில் கணக்கெழுதுகிறாள்.
இரவில்
மூவாயிரம் வோல்ட்டை ஒரு டிரங்குப் பெட்டியில் அடைத்து
கடலுக்கு அப்பால் யார்யாரோடோ பேசுகிறாள்.
புன்டா அரினாஸ் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போகும்;
அவள் குரல் மட்டும் அதை எதிர்த்துப் போய்விடும்.

முதல் நாளே சொன்னாள்:
"நான் விழுந்தால் என்னைத் தொடாதே.
கத்து, அழு, என்னவும் செய்.
முதலில் பொத்தான். பிறகுதான் நான்."
இருபத்தாறு வருடத்தில்
எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தங்கள் எத்தனையோ.
இதை மட்டும் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

பெட்டியைத் திறக்குமுன் மோதிரம் கழன்று தட்டுக்குப் போகும்.
பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே மேசையில் வைப்பாள்.
இடது கை பைக்குள்.
ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேற
மின்சாரத்துக்கு நெஞ்சுதான் குறுக்குவழியாம்.

பிறகு அந்தக் கம்பு.
நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து தரைக்கு ஒரு செப்புக் கயிறு.
கோழைக் கம்பு என்று பெயர் வைத்திருக்கிறாள்,
கோழைகளுக்குத்தான் தலை நரைக்கும் என்பாள்.
தொட்டதும் டப்பென்று நீலப் பொறி.
செத்தது, என்றேன்.
இல்லை, என்றாள்.
பத்து நிமிடம் விட்டு மறுபடி தொட்டாள்,
சின்னதாக இன்னொரு டப்.
இறைத்த கிணறு போல
காலியான கெப்பாசிட்டரிலும் கொஞ்சம் ஊறுமாம்.
அதனால் கொக்கியை மாட்டியபடியே விட்டுவிடுவாள்.

மின்சாரத்தில் எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான்.
பேசித் தீர்த்த சண்டைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

ஒரு தடவை குறுக்கெழுத்துப் புதிரின் மேலேயே தூங்கிவிட்டேன்.
எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எழுப்பினாள்:
"நீ தூங்கினால் நான் தனியாள். போய்ப் படு."

ஜூலையில்
பழைய லாரியை விற்பதா வேண்டாமா என்று தொடங்கி
எங்கெங்கோ போய் முடிந்தது பேச்சு.
கதவை அறைந்துவிட்டு அன்செல்மோ வீட்டுக்குப் போனேன்.
அங்கே சூப் குடித்தேன். அவன் நாயைத் திட்டினேன்.
இரண்டு மணிக்குத் திரும்பினால்
கொட்டகையில் விளக்கு.

பிளக் மேசைமேல் கிடந்தது.
பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவில்
எந்தத் தீவிலிருந்தோ ஒருவன்
அவள் அழைப்புக்குறியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்,
தாழ்ப்பாள் போட்ட வீட்டைத் தட்டுகிறவன் மாதிரி.

"பதில் சொல்லேன்," என்றேன்.
"ஆளில்லை," என்றாள்,
திரும்பிப் பார்க்காமல்.

பனியை உதறிவிட்டு
முக்காலியை இழுத்தேன்.
பொத்தான் எட்டுகிறதா என்று ஒருமுறை கை நீட்டிப் பார்த்தேன்.
எட்டியது.

தட்டில் மோதிரம் விழும் ஓசை கேட்டது.