மூன்று கிலோ இருநூறு

அந்தச் சத்தத்துக்கு எழ
எனக்கு இப்போது அலாரம் வேண்டாம்.
முதலில் தரையில் நகம் பிராண்டும்.
பிறகு வயிற்றுக்குள் யாரோ
வறண்ட அடிபம்பை அடிப்பது போல
மூன்று, நான்கு, ஐந்து.
ஐந்துக்குள் விளக்கைப் போட்டு
பழைய தினத்தாளை நீட்டிவிட்டால் பாய் தப்பும்.
நேற்றுத் தப்பவில்லை.

மணி மூன்றேகால்.
டார்ச் அடித்துக் குனிகிறேன்,
பகலெல்லாம் கொள்முதல் நிலையத்தில்
நெல்லுக்குக் குனிவது போலவே:
ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு, கல் உண்டா.
இது மஞ்சள் நுரை. முடி இல்லை.
போன செவ்வாய் மத்தி, முழுசு முழுசாக,
மென்ற அடையாளமே இல்லாமல்.

பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறிக்கிறேன்.
நுரை. 3.15.
காலையில் மூட்டை அடுக்க வந்த அடைக்கலம்
எட்டிப் பார்த்துக் கேட்டார்,
"என்ன மேடம், நுரைன்னு புது ரகம் வந்திருக்கா?"

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு.
வீடு ஒரு நாட்டில், சாவி ஒரு நாட்டில்.
ருகையா லாத்தா ஈப்போவுக்கு மகனிடம் போன அன்று
கூடையோடு பூனையை என் கையில் வைத்தார்.
வயசென்ன? ஆச்சு.
என்ன சாப்பிடும்? எல்லாம்.
அவ்வளவுதான் ரசீது.

மன்னார்குடியில் பஸ் மாறி ஒரத்தநாடு.
லக்கேஜா ஆளா என்று கூடையைப் பார்த்த கண்டக்டர்
எதையும் கிழிக்காமல் போய்விட்டார்.
கால்நடை ஆஸ்பத்திரியில்
சினை ஆட்டுக்கும் கால் வீங்கிய ஜெர்சிக்கும் நடுவில்
எங்கள் முறை.
வாயைத் திறந்து பார்த்த டாக்டர் பெண்
"பன்னண்டு இருக்கும்" என்றாள்.
கீழ்ப்பல் இரண்டு இல்லை.
ரத்தத்தில் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ச்சி.
மீனைக் குறைங்க. கொஞ்சம் கொஞ்சமா வைங்க.
எடையைப் பாத்துக்கிட்டே இருங்க,
எறங்கினா உடனே கூட்டிட்டு வாங்க.

எடை பார்க்க என்னிடமா தராசு இல்லை?
எல்லாரும் போன பிறகு
அதைத் தூக்கிக்கொண்டு மேடையில் ஏறினேன்.
அறுபத்தொன்று நானூறு.
நாற்பது கிலோ மூட்டைக்குச் சாக்கைக் கழிப்பது போல
என்னைக் கழித்தேன்.
மூன்று கிலோ இருநூறு.

இப்போது ஆறு வேளை, வேளைக்கு ஒரு கரண்டி,
அள்ளி விழுங்க முடியாதபடி
தாம்பாளத்தில் தேய்த்துப் பரப்பி.
கடைமடைக்கு முறை வைத்துத்தானே விடுகிறார்கள்,
மொத்தமாய் வந்தால் வரப்பு நிற்காது.
பதினொரு மணி முறைக்கு
வெளியே டிராக்டர்கள் வரிசையில் நிற்க
ஸ்கூட்டியை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறேன்.
விவசாயிகள் என்ன நினைப்பார்களோ.

லாத்தாவுக்கு வாய்ஸ் அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்துப் பதில், ஐம்பது விநாடி.
"இன்னும் கக்குதா புள்ள?
நாலு வருசமா அப்படித்தான்.
சொன்னா நீ வாங்கியிருக்க மாட்டே."
பின்னால் புரியாத மொழியில் டிவி.
குக்கர் ஒரு விசில்.
"கக்கிட்டு கட்டிலுக்கடியில போயிரும்.
உடனே இழுக்காத. வெக்கப்படும்."

கோபம் வந்தது. பாயை அலசி
கொடியில் போடும்வரை இருந்தது.
வாங்கியிருக்க மாட்டேன். வாஸ்தவம்.

அந்தக் குரலை அதன் காதருகே
சத்தமாக வைத்துக் காட்டினேன்.
ஒரு காது மட்டும் திரும்பியது.
பிறகு தாம்பாளத்தை நக்கப் போனது.

நான்கு நாள் கடைசிப் பக்கம் காலி.
ஐந்தாம் நாள்:
சோற்றுப் பருக்கை இரண்டு, தண்ணீர். 4.40.
கட்டிலுக்கடியில் இரண்டு கண்.
நான் தரையைத் துடைத்துவிட்டு
வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் மறுபடி மேடையேறினோம்.
மூன்று கிலோ இருநூற்றைம்பது.
ஐம்பது கிராம்.
என்னைக் கழித்த பிறகு
நான் குடித்த டீயாகவும் இருக்கலாம்.