பதினேழாம் பக்கத்துப் பச்சை மை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
வெல்டிங் கடை மாடியில்
ரேமண்டின் வாடகை நூலகம்.
நாவலுக்கு ஐந்து ரூபாய், ஒரு வாரம்.
மழையில் நனைத்தால் முழு விலை.

எனக்கு ராத்திரி ஷிப்ட்.
தொட்டிகளில் இலை வாடிக் கிடக்க,
உலர்த்தி அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை.
ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
பதினோரு பக்கம் படிக்கலாம்.
நான் பார்த்த கொலைகளெல்லாம்
பதினொன்று பதினொன்றாகத்தான் நடந்தன.

ஆனி மாதம் ஒரு ஜமீன் பங்களா,
பாயசத்தில் விஷம், ஆறு பேர்மேல் சந்தேகம்.
பதினேழாம் பக்கத்தில்
தோட்டக்காரன் பெயருக்கு அடியில்
பச்சை மையில் ஒரு கோடு,
முனையில் சுருக்குக் கயிறு போல ஒரு சுழி.

வந்த ஆத்திரத்தில்
இரண்டு கட்டை அதிகமாகவே தள்ளிவிட்டேன்.
எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான்.
காசு கொடுத்த பாவத்துக்கு மீதியைப் படித்தேன்.
நூற்று நாற்பதில் விலங்கு மாட்டியது
டாக்டரின் மனைவிக்கு.

அடுத்ததில் பச்சை மை பிடித்தது பேங்க் மேனேஜரை;
செய்தது டிரைவர்.
அதற்கடுத்ததில் இரட்டையரில் மூத்தவனை;
செய்தது, முதல் பக்கத்திலேயே செத்துப்போனவள்.
இருபத்து மூன்று புத்தகம்.
இருபத்து மூன்றும் தப்பு.

பிறகு கதையை விட்டுவிட்டுக்
கோட்டைத் துப்பறிய ஆரம்பித்தேன்.
அரவேணு கடைசி பஸ் கண்டக்டர் சிவணன்:
பையில் பச்சைப் பேனா உண்டு.
ஆனால் சில்லறையில்கூடத் தப்பாத மனுஷன்.
நர்ஸ் கிரேஸ் லில்லி:
பக்கங்களில் டெட்டால் வாசம்.
அவளோ பேய்க்கதை தவிர எதையும் தொடுவதில்லை.
மாட்டு டாக்டர்:
பச்சை மையில் கையெழுத்துப் போடும் அந்தஸ்து அவருக்கு உண்டு.
சம்பவத்தன்று சோலூர்மட்டத்தில் ஒரு எருமைக்குப் பிரசவம் பார்த்தாராம்.
எருமையை விசாரிக்க வழியில்லை.
ரேமண்டிடம் பேரேட்டைக் கேட்டேன்.
பாவமன்னிப்புக் கேட்ட பாதிரியார் மாதிரி
வாயை இறுக மூடிக்கொண்டான்.

பிரபாவதி இரண்டு கம்பளிக்குள்
போனில் தொடர் பார்ப்பாள்,
கடைசிப் பாகத்தை முதலில்.
'முடிவு தெரிஞ்சாத்தான்யா
நிம்மதியாப் பயப்படலாம்.'
பயப்பட எதற்கு நிம்மதி?
இருபது வருஷக் குடித்தனத்தில்
இது ஒன்றுக்குத்தான் எங்களுக்குள் உண்மையான சண்டை.

ஒரு ராத்திரி கேன்டீன் டிவியில்
முகமூடியைக் கழற்றக் கை போகிறது, கரண்ட் போய்விட்டது.
மெழுகுவத்தியைச் சுற்றி ஒன்பது பேர்,
ஒன்பது கொலைகாரர்கள்.
லைன்மேனையும் சேர்த்தால் பத்து.
கரண்ட் வந்தபோது
சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.
அன்றைக்குக் குடித்த டீக்கு
அப்படி ஒரு ருசி.

மார்கழி. புல்லெல்லாம் உறைபனி.
இருபத்து நான்காவது புத்தகம்.
பதினேழாம் பக்கத்தில் பச்சை மை
தபாலாபீஸ் பெண் பெயரில் சுழித்திருந்தது.
சிரித்துக்கொண்டேன். பாவம், இவள் தப்பித்தாள்.
அவள் பொய் சொன்னபோது பயத்தில் என்று நினைத்தேன்.
கையுறையை எரித்தபோது குளிருக்கு என்று நினைத்தேன்.
நூற்று ஐம்பத்திரண்டில்
தபால் முத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு
ஆமாம், நான்தான் என்கிறாள்.

என்னை ஒரேயடியாக ஏமாற்ற
அந்தப் பேனாவுக்கு மிச்சமிருந்தது
ஒன்றே ஒன்றுதான்:
சரியாகச் சொல்வது.

அப்புறம் எந்தப் புத்தகத்திலும் கோடு இல்லை.
சிவணனுக்குக் கூடலூர் பக்கம் மாற்றல்.
மாட்டு டாக்டருக்குப் புரை ஆபரேஷன்.
கிரேஸ் லில்லி என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள்,
முன்பும் சிரித்தாளா, ஞாபகமில்லை.

இன்றைக்குப் புதுசு ஒன்று.
பதினேழைத்தான் முதலில் புரட்டினேன்.
சுத்தமான தாள்.
ஏழு பேரும் நல்லவர்களாக நிற்கிறார்கள்,
ஒருவனுக்காவது முழி சரியில்லை என்று
சொல்ல ஆளில்லை.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில்
ஒரு டார்ச் வெளிச்சம்
நின்று நின்று மேலே ஏறி வருகிறது.
காட்டுமாடு விரட்டப் போனவனாக இருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
யாராக இருந்தாலும் சரி,
விறகு தள்ள இன்னும் நாலு பக்கம் இருக்கிறது,
அதுவரை வெளியே நிற்கட்டும்.