பிரேக் கேபிள்

பழைய கிளட்ச் கேபிள் இரண்டு வெள்ளி.
பிரேக் கேபிள் ஒன்றரை.
எதற்கென்று கேட்கமாட்டேன்.
கேள்விக்கு என் பட்டறையில் விலைப்பட்டியல் இல்லை.
கோழிக்கூண்டு கட்ட என்பார்கள்,
துணி காயப்போட என்பார்கள்.
சுங்கை மெராந்தியில் அத்தனை துணியா
என்று ஒரே ஒரு தடவை நினைத்தேன்.
அன்றைக்கு மழை வேறு.

தோட்டத்தின் கடைசிச் செம்பனை வரிசை,
ஒரு கால்வாய், அந்தப் பக்கம் காடு.
அதற்குப் பலகை நட்டது என் கல்யாண வருஷம்:
புலிப்படம், மஞ்சள் எழுத்து, அபராதத் தொகை.
முதலில் வந்து பார்த்தது காட்டுப்பன்றி;
முதுகு சொறிந்துவிட்டுப் போனது.
பலகை இன்னும் சாய்ந்தேதான் நிற்கிறது.

அலாங் கப்சாயில் வருவான்.
மேலாற்றுத் தெமியார் கம்பத்து ஆள்,
காட்டுக்குள் ரோந்து நடக்கிறவன்.
அன்று டயர் பஞ்சர். பின்னால் ஒரு சாக்கு.
சக்கரம் கழற்ற இறக்கி வைத்தபோது
சாக்கு வாய் பிளந்தது.
நாற்பத்து மூன்று சுருக்கு.
துரு, மண், ஒன்றில் கொஞ்சம் மயிர்.
பாதிக்கு மேல் நுனியில் சிவப்பு டேப்.

நான்தான் சுற்றுவேன் அந்த டேப்பை.
பிரி அவிழ்ந்து
வாங்குகிறவன் கையைக் குத்தக்கூடாதே.

அலாங் டேப்பைப் பார்த்தான்.
மேசைமேல் கிடந்த சுருளைப் பார்த்தான்.
"டியூப் மாத்திரு அண்ணே" என்றான்.
பன்னிரண்டு வெள்ளி எண்ணி வைத்தான்.
திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகு
விரல் நீளத்துக்கு வெட்டித்தான் எறிகிறேன்.
பெருமைப்பட ஒன்றுமில்லை;
அடுத்த டவுனில் என் மச்சான் கடையில்
முழுசாகவே கிடைக்கிறது.

கணக்கு அலாங்கின் நோட்டில் இருக்கிறது.
நடந்த மாதங்களில் எட்டு, ஆறு, ஒன்பது.
ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம்
அவனை வீட்டில் உட்காரச் சொன்னார்கள்;
திரும்பிப் போன முதல் நாள் அறுபத்தொன்று.
அதே பலகை. அதே புலி. அதே அபராதம்.

தோட்டத்துத் துணை மேனேஜர் ஜெயரூபன்
மறுநடவின்போது ஓடைக்கரையில்
மூன்று வரிசை நடாமல் விட்டார்.
மேலிடத்துக்கு என்ன எழுதினாரோ தெரியாது.
இப்போது அங்கே மூங்கிலும் காட்டு வாழையும்.
லோரிப் பாதையில் அடிபட்டுக் கிடக்கிறவை
குறைந்துவிட்டன;
பாலத்துக்கு அடியிலேயே போய்விடுகின்றன.

புண்ணியகோடி குலை வெட்டுகிறவன்.
யானைகள் அவன் இரண்டு ஏக்கர்க் கன்றைப் பிடுங்கியபோது
நஷ்டஈட்டுப் பாரம் எழுதிப் போட்டான்.
பதினான்கு மாதம் காத்திருந்தான்.
பதினைந்தாவது மாதம் என்னிடம் கேபிள் வாங்கினான்.

இப்போது அலாங்கோடு நடக்கிறான், சம்பளத்துக்கு.
வைத்தவனுக்குத்தானே இடம் தெரியும்:
எந்தத் தடம், எந்த வளைவு,
தரையிலிருந்து எத்தனை சாண்.
அவனைச் சேர்த்தபோது டவுனே சிரித்தது.
நானும்.

போன மாதம் அவர்கள் கேமராவில் ஒரு தாப்பிர்.
கைப்பேசியை என் முகத்தருகே நீட்டினான் புண்ணியகோடி.
பக்கத்தில் குட்டி,
தர்பூசணித் தோல்போல வரிவரியாய்.
தாயின் பின்னங்காலைச் சுற்றி ஒரு தழும்பு.
நான் குட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை.
தழும்பின் அகலத்தைப் பார்த்தேன்.
பிரேக்கா, கிளட்சா?

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள்,
காட்டில் இன்னும் புலி இருக்கிறதா என்று.
ஏழாம் தேதி சம்பளம் வந்தால் இருக்கிறது என்பேன்.
ஜோக் என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

இன்று ஒன்பது. இன்னும் வரவில்லை.
அலாங் வண்டியில் முன் பிரேக் பிடிக்கவில்லை;
நாளை விடிகாலை மேட்டுப்பாதை இறங்கவேண்டும், இருவரும்.
புதுசு ஒன்றைப் பிரித்து மாட்டினேன்.
கடன் நோட்டில் எழுதினேன்:
அலாங்.
கேபிள் ஒன்று.
முழு நீளம்.