முந்நூறு மீட்டர் கிழக்கே

இன்னும் இல்லாத ஓர் இயந்திரத்தில்
இன்று காலை ஒரு பழுது கண்டுபிடித்தோம்.
நாலாம் அடுக்கில் குளிர்நீர்க் குழாயும் கம்பிக்கற்றையும்
ஒரே துளைக்குள் போகப் பார்க்கின்றன.
இரண்டு மில்லிமீட்டர் கொடு என்கிறான் ஒத்மார்.
என் காந்தத்தில் மயிரிழைகூட இல்லை என்கிறாள் ஆசெல்.
காப்பி ஆறி ஆடை படிந்தது.
இரண்டு மில்லிமீட்டருக்கு
இரண்டரை மணி நேரம்.

நான் கோப்பு எழுதுகிறவன்.
இரும்பு என்று எழுதினால் அங்கே இரும்பு,
சிலிக்கான் என்று எழுதினால் சிலிக்கான்.
நேற்று ராத்திரி மட்டும் என் கணினியில்
நாற்பது லட்சம் மோதல்கள் நடந்தன.
ஒன்றுகூட நடக்கவில்லை.

பிற்பகல் தூறலில் சவோய் மலையடிவாரம் போனோம்.
எட்டு இறங்குகுழிகளில் ஐந்தாவது
பெரின் துவில்லாரின் மேய்ச்சல் நிலத்தில் விழுகிறது.
வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
தரையில் சாணம், மஞ்சள் பூ,
எங்களை முகர்ந்து பார்த்துவிட்டு
ஆர்வம் இழந்த ஒரு பசு.

தொண்ணூறு கிலோமீட்டர் வளையம் என்றோம்.
இருநூறு மீட்டர் ஆழத்தில், சத்தமே கேட்காது என்றோம்.
எப்போது ஓடும்?
இருபது வருஷம், இருபத்தைந்து, பணம் வந்தால்.
அதே சுரங்கத்தில் பிறகு இரண்டாவது இயந்திரம்,
அதற்கு மேலும் முப்பது.
விரல்விட்டு எண்ணினாள்.
'என் மாடுகளில் அது பதினைந்து தலைமுறை.
உங்களில் யார் இருப்பீர்கள் அப்போது?'
ஒத்மார் தன் பூட்ஸைப் பார்த்தான்.
இரவல் பூட்ஸ், ஒரு அளவு பெரியது.

'எதைத்தான் தேடுகிறீர்கள்?'
எடை ஏன் எடையாக இருக்கிறது என்று
அவன் ஆரம்பித்தான்.
தெரியாது என்றேன் நான்.
'ஒன்றும் அகப்படாவிட்டால்?'
ஒன்றும் இல்லை என்பதை
ஆறு தசமத் துல்லியமாகச் சொல்வோம்.
நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை,
அவளும் சிரிக்கவில்லை.
கோலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

புதருக்குள் ஒரு கல்தொட்டி.
மூன்று விரல் பருமனில் தண்ணீர்,
பாசியை ஓயாமல் தலைவாரிக்கொண்டு.
எந்த வரைபடத்திலும் இல்லாத ஊற்று.
'இது வற்றினால் நாற்பத்தொரு மாடு.
இதையும் தசமத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.'

எழுதிக்கொண்டேன்.
ஐந்தாம் குழி, முந்நூறு மீட்டர் கிழக்கே.

சொல்வது சுலபம். வளையத்தில்
ஒரு புள்ளி மட்டும் நகர்ந்து கொடுக்காது.
ஒன்றைத் தொட்டால் எட்டும் அசையும்.
அன்றிரவு திரையில் அதை மெல்லத் திருப்பினேன்,
இறுகிப்போன ஜாடி மூடியைத் திருப்புவதுபோல.
ஏரிக்கு அந்தப் பக்கம்
பள்ளிக்கூடச் சுவரை ஒட்டியிருந்த குழி
கார் நிறுத்துமிடத்துக்குப் போயிற்று, நல்லது.
ஏழாவது, மணற்பாறையை விட்டு
சுண்ணாம்புப் பாறைக்குள் மூக்கை நுழைத்தது.
நிலவியல்காரர் ஜோல்ட்டைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன்.
ஹங்கேரிய மொழியில் பேசினார்.
மொழி புரியவில்லை, வசவு புரிந்தது.

சற்றே சாய்த்தேன். பதினோரு மீட்டர் இறக்கினேன்.
மறுபடி திருப்பினேன்.
மூன்று மணி சுமாருக்கு உட்கார்ந்தது:
மலைக்கும் ஏரிக்கும் எல்லைக்கோட்டுக்கும் அடியில்
தொண்ணூறு கிலோமீட்டரும்
ஒரு தொட்டித் தண்ணீருக்கு ஒதுங்கி நின்றது.

எனக்கு ஐம்பத்திமூன்று.
இந்தக் கோப்பைத் திறக்கப்போகிறவர்
இன்னும் பிறந்திருக்க மாட்டார்.
அவருக்காக ஒரு குறிப்பு எழுதினேன்:
இங்கே ஊற்று இருக்கிறது. நகர்த்தாதே.
சந்தேகம் இருந்தால் பெரினைக் கேள்.
கடைசி வரியை அழித்தேன்.
போய்ப் பார் என்று மாற்றினேன்.

சேமிக்கும்போது ஆசெலின் செய்தி மின்னியது.
அவளும் தூங்கவில்லை போல.
'ஒரு மில்லிமீட்டர் தருகிறேன்.
மேலே ஒரு மைக்ரான் கேட்டாலும்
கதவைச் சாத்துவேன்.'