உடன்பாடில்லை

பழைய மில்லில்
கண்ணாடி அறை ஒன்று இருந்தது.
சண்டை என்றால் அதற்குள் போகவேண்டும்,
செருப்பை வெளியே விட்டுவிட்டு.

அன்றைக்கு மழை.
அவித்துக் காயப்போட்ட நெல் களம் முழுக்க.
தார்ப்பாயின் அந்த முனை என் பொறுப்பா
மதலைமேரியின் பொறுப்பா என்று
கோதண்டபாணி மேஸ்திரி கேட்கவில்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
நோட்டில் எழுதினார்,
இரண்டு பேருக்கும் அரைநாள் கூலி பிடித்தார்.
நாலு நிமிஷத்தில் முடிந்தது.

முடிந்தது, தீரவில்லை.
மேட்டில் ஏறாத கோபம்
பள்ளம் பார்த்துத்தான் பாயும்.
மேஸ்திரியிடம் காட்ட முடியாததை
அவள் என்னிடம் காட்டினாள், நான் அவளிடம்.
இரண்டு வருஷம்
ஒரே பாய்லருக்கு உமி தள்ளினோம்
ஒரு வார்த்தை இல்லாமல்.

பிறகு மில்லை மூடினார்கள்.
பன்னிரண்டு பேர் சேர்ந்து சங்கம் பதிந்து
நீடாமங்கலத்துக்கு வெளியே
இந்தக் களத்தைக் குத்தகைக்கு எடுத்தோம்.
மேரியும் அதில் ஒருத்தி;
கடனுக்கு ஒரு கையெழுத்து குறைந்தது, வேறு வழியில்லை.
இங்கே முதலாளி கிடையாது.
ஐப்பசி மட்டும் அதே ஐப்பசி.

மறுபடி மழை.
மறுபடி தார்ப்பாய்.
மறுபடி, சாமி சத்தியமாக, நானும் அவளும்.
இருபத்திரண்டு மூட்டை.

ஈர நெல்லின் புளித்த வாடைக்கு நடுவே
சாக்கை விரித்து உட்கார்ந்தோம்.
மணி ஆறு.
முறைச் சீட்டைக் கொண்டுவா என்றாள் தையல்நாயகி.
சீட்டில் என் பெயர்.
பையன் விஷயமாகப் பள்ளிக்கூடத்திலிருந்து போன்,
சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.
யாரிடம் சொன்னாய்?
மேரியிடம்.
காதில் விழவில்லை என்றாள் மேரி.
விழுந்தது என்றாள் ஜொஹரா.
உனக்கு எப்படித் தெரியும் என்றாள் இன்னொருத்தி.

ஏழரைக்குப் போன வருஷத்து போனஸ் வந்தது.
எட்டு மணிக்கு,
யார் மொண்டு வைக்கும் தண்ணீரை
யார் குடிப்பதில்லை என்பது வந்தது.
அதற்குப் பிறகு ரொம்ப நேரம்
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
தீர்மானப் புத்தகத்தில் அது ஏறவில்லை.
ஏறியிருக்க வேண்டும்.

"ஒரு மேஸ்திரி இருந்திருந்தா
இந்நேரம் சோத்தத் தின்னுட்டுப் படுத்திருக்கலாம்."
எல்லோரும் சிரித்தார்கள்.
சொன்னது நான்தான்.
பாதி நிஜமாகத்தான் சொன்னேன்.

பத்தேகாலுக்குக் கடைசி பஸ்ஸும்
ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

ஈர நெல் வாத்துக்காரருக்கு, அரை விலைக்கு.
நஷ்டம் பன்னிரண்டு பங்கு.
கை தூக்கச் சொன்னார்கள்.
என்னுடையதையும் சேர்த்துப் பதினொரு கை.

"அவ போன்ல பேசுனதுக்கு
நான் எதுக்குக் குடுக்கணும்?
குடுக்குறேன்.
ஆனா சரின்னு சொல்லமாட்டேன்."

தையல்நாயகி பேனாவை வைத்துக்கொண்டு முழித்தாள்.
புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே எழுதினாள்:
மதலைமேரிக்கு இதில் உடன்பாடில்லை.

"வாசி."
வாசித்தாள்.
"இன்னொரு தரம். சத்தமா."

அதன் கீழே மேரி கையெழுத்துப் போட்டாள்,
எழுத்தெழுத்தாக,
எதையும் சுருக்காமல்.
கண்ணாடி அறை நோட்டில்
எங்கள் பெயருக்கு நேரே தொகை மட்டும்தான் இருந்தது.

நடந்தோம்.
ஆற்றங்கரை முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள்.
நானும் விடவில்லை,
அந்த இரண்டு வருஷத்து பாக்கியையும் சேர்த்து.
மூணாறு தலைப்பு வந்ததும்
அவள் கோரையாற்றுப் பக்கம் திரும்பினாள்,
நான் பாமணியாற்றுப் பக்கம்.
மதகு இரைச்சலில்
கடைசியாக அவள் என்னவோ சொன்னது
கேட்கவில்லை.

நாளைக்குக் கேட்க வேண்டும்.