பதினான்காம் கேள்வி

ஒப்பீட்டு அரசாங்கம், மூன்றாம் பருவம்.
பாடத்தில் இரண்டு கொரியாக்கள் இருந்தன,
இரண்டு ஜெர்மனிகள் இருந்தன.
ஒரே மொழி, ஒரே சாப்பாடு, நடுவில் ஒரு கோடு.
மற்றதெல்லாம் மாறாதிருக்க
அரசு மட்டும் மாறினால் என்ன ஆகும்
என்று பார்ப்பதுதான் முறை.

நான் அதைப் படித்தது கடலூர் பஸ்ஸில்.
பக்கத்து சீட்டுக்காரர்
கன்னியக்கோயிலில் வாங்கிய இரண்டு குவார்ட்டரைத்
துண்டில் சுற்றி மடியில் வைத்து
தூங்குகிற பிள்ளையைப் போல் அணைத்திருந்தார்.
ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
போலீஸ்காரர் திறந்தது என் பையை.
நாற்பது வினாப்படிவங்கள்.
முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார்.
"கவர்மெண்ட்டைப் பத்தியா" என்றார்.
மூடிக் கொடுத்துவிட்டார்.

பாகூருக்குத் தெற்கே
கோடு அஞ்சலாட்சியின் வீட்டு வழியாகப் போகிறது.
அடுப்படி புதுச்சேரி. கரண்ட் பில் மாதாமாதம்.
மாட்டுக்கொட்டகை தமிழ்நாடு.
அங்கே ஒரு பல்பு, இரண்டு மாதத்துக்கொரு பில்.
சிவப்பு அட்டை இவளுக்கு.
இருபது அடி தள்ளி, வேலிக்கு அப்பால்
கொழுந்தன் தேசிங்குக்கு அரிசி அட்டை.
எனக்குக் கை நடுங்கியது.
கொரியா வேண்டாம், ஜெர்மனி வேண்டாம்,
ஒரே வேலி, ஒரே பூவரச மரம்.
முதல் மதிப்பெண் கண்ணில் தெரிந்தது.

கேள்வி பதினான்கு:
அரசின்மீது உங்கள் நம்பிக்கை எவ்வளவு?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லவும்.

"எந்த கவர்மெண்ட்டும்மா?"

படிவத்தில் அதற்கு இடம் விடவில்லை நான்.

அவளே தொடர்ந்தாள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டு.
பெண்ணையாத்துத் தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வந்துச்சு.
அடுப்படியிலயும் இடுப்பளவு, கொட்டாயிலயும் இடுப்பளவு.
விடிஞ்சு பாத்தா மாடு இல்ல.
எட்டு மாசச் சினை.
ரெண்டாம் நாள் தேசிங்குதான் கண்டான்,
அந்தாண்ட கருவேல முள்ளுல சிக்கி.

பாகூரில் மனு கொடுத்தாள்.
கட்டியிருந்த இடம் தமிழ்நாடு, அங்கே போ என்றார்கள்.
கடலூரில் மனு கொடுத்தாள்.
செத்துக் கிடந்த இடம் புதுச்சேரி, இங்கே ஏன் வந்தாய்.
"கட்டுனது அங்க, ஒதுங்குனது இங்க,
உசுரு எங்க போச்சுன்னு
நான் எப்படிம்மா சர்டிபிகேட் வாங்குவேன்?"
மாட்டின் காதில் குத்தியிருந்த மஞ்சள் வில்லையை
அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினாள்.
பன்னிரண்டு எண்கள்.
ஆதாருக்கும் அத்தனைதான்.

தேசிங்கிடம் அதே கேள்வி.
அவன் மூன்று என்றான், வாய்க்கால் வெட்டியபடியே,
தலை நிமிராமல்.
இரண்டு பக்கமும் வெள்ளப் பணம் வந்ததாம்.
இங்கே ஒரு தொகை, அங்கே ஒரு தொகை.
எது அதிகம் என்று கேட்டேன்.
"அது ஆவல, அண்ணி மூஞ்சியப் பாக்கத்தான் முடியல" என்றான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது.

வளர்ச்சி என்றால்
வருமானம், பள்ளிக்கூடம், ஆயுள்,
ஓட்டுச்சாவடி வரிசையின் நீளம்.
அத்தியாயம் ஏழில் அழகாக இருக்கிறது.
இந்த மாட்டை அதற்குள் ஓட்டிப் பார்த்தேன்.
வாசலில் நின்றுவிட்டது.

மஞ்சக்குப்பம் அறையில்
முப்பத்தொன்பது படிவங்களையும் கணினியில் ஏற்றினேன்.
நாற்பதாவதில் பதினான்காம் கேள்வி காலி.
விடை இல்லாத இடத்தில்
தொண்ணூற்றொன்பது போடச் சொல்லியிருக்கிறார்கள்,
கணக்கில் சேராது, சராசரியைக் கெடுக்காது.

போட்டேன்.
அழித்தேன்.
அந்தப் பன்னிரண்டு எண்களைத் தட்டினேன்.
இரண்டு இலக்கத்துக்கு மேல்
அந்தக் கட்டம் எடுத்துக்கொள்ளவில்லை.

காலையில் மேற்பார்வையாளர்
இந்த வீட்டை நீக்கிவிடு என்பார்,
எந்த மாநிலம் என்று தெளிவில்லை என்று.
பொத்தானுக்கு மேல் விரலோடு
உட்கார்ந்திருக்கிறேன்.
வெளியே ஆறு மணி பஸ்
பாண்டி பாண்டி என்று கூப்பிடுகிறது.